பழைய பள்ளிக் கட்டடத்தை நிலநடுக்கத்துக்கு வலுப்படுத்த பொறியாளரை எப்படி அமர்த்துவது?

நகராட்சியின் 70 ஆண்டுப் பழைய செங்கல் பள்ளிக்கு ஆலோசகரை எப்படித் தேர்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் குறைந்த விலைக்கே வேலை என்ற முறையைத் தயவுசெய்து விடுங்கள். குறைந்த தொகை கேட்பவர் முதலில் வெட்டுவது சோதனைகளைத்தான். தொழில்நுட்பத் தகுதிக்கும் விலைக்கும் தனித்தனி உறை வாங்கி, தகுதிக்கு அதிக மதிப்பெண் வையுங்கள்.

வேலையை இரண்டாகப் பிரியுங்கள்: முதலில் ஆய்வு, பிறகு வடிவமைப்பு. சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் யாராலும் வடிவமைப்புக்கு நேர்மையான விலை சொல்ல முடியாது. ஆய்வில் அளவு வரைபடம், அடித்தளம் பார்க்கச் சோதனைக் குழி, சாந்தின் வலிமை, மண் பரிசோதனை எல்லாம் எண்ணிக்கையோடு டெண்டரிலேயே இருக்கட்டும். பூச்சை உடைத்துப் பார்த்த இடங்களை மூடும் செலவு யாருடையது என்றும் எழுதுங்கள். சண்டை அங்கேதான் தொடங்கும்.

மர உத்தரங்கள்மேல் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரையா? மர உத்தரம் சுவரில் எத்தனை அங்குலம் உட்கார்ந்திருக்கிறது, முனை உளுத்திருக்கிறதா என்று திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கூரை சுவர்களைச் சேர்த்துப் பிடிக்காவிட்டால், நில அதிர்வில் சுவர் வெளிப்பக்கம் சரியும்.

வலுப்படுத்தலுக்கான இந்தியத் தர விதிகள் (ஐ.எஸ்.): செங்கல் கட்டடத்துக்கு ஐ.எஸ். 13935, கான்கிரீட் தூணும் உத்தரமும் தாங்கும் சட்டகத்துக்கு ஐ.எஸ். 15988. புதுக் கட்டட வடிவமைப்பு அனுபவம் மட்டும் போதாது. செய்து முடித்த வலுப்படுத்தல் வேலையின் வரைபடத்தைக் கேளுங்கள். கட்டுமானத்தின்போது தளத்துக்கு வரும் நாட்களுக்கும் சேர்த்தே கட்டணம் பேசுங்கள்.