கண்ணாடி உடைந்தும் கார் கத்தாதது ஏன்? – கார் அலாரம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: கல்யாண மண்டபத்துக்கு வெளியே காரை நிறுத்தி, ரிமோட்டில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போனோம். திரும்பி வந்தால் பின்சீட்டுப் பக்கக் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது, லேப்டாப் பை இல்லை. கம்பெனியிலிருந்தே அலாரத்தோடு வந்த கார். ஒரு சத்தமும் கேட்கவில்லை என்கிறார் வாட்ச்மேன். அலாரம் பழுதா?
– திருச்சி வாசகர்

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. நம் ஊரில் ஓடும் பல கார்களில் கம்பெனி வைத்துத் தரும் அலாரம் கதவு, பானெட், டிக்கி ஆகியவற்றை மட்டுமே கவனிக்கும். ஒவ்வொரு கதவின் லாக்குக்குள்ளும் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. பூட்டிய பிறகு கதவு திறந்தால்தான் ஹாரன் அடிக்கும். உங்கள் காரில் கதவு திறக்கப்படவே இல்லை. கண்ணாடி போன இடத்தில் கை நுழைந்து பையை எடுத்திருக்கிறது, அவ்வளவுதான். விலைப்பட்டியலில் ‘ஆன்டி தெஃப்ட் அலாரம்’ என்று ஒற்றை வரியில் போட்டுவிடுகிறார்கள். அது எதற்கெல்லாம் கத்தும், எதற்குக் கத்தாது என்பதை ஷோரூமில் நாமாகக் கேட்டால்தான் உண்டு.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். டிரைவர் பக்கக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, வெளியே வந்து, ரிமோட்டில் பூட்டுங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். ஜன்னல் வழியே கையை விட்டு சீட்டுக்கு மேலே நன்றாக ஆட்டுங்கள். சத்தம் வராவிட்டால் உள்ளே நடமாட்டத்தை அறியும் சென்சார் இல்லை என்று பொருள். பிறகு உள்ளிருந்து லாக்கை எடுத்துக் கதவைத் திறங்கள். அப்போதும் கத்தாவிட்டால் மட்டுமே பழுது.

வெளிக்கடையில் சென்சார் வாங்கிச் சேர்ப்பதென்றால் இரண்டு வகை உண்டு. ஒன்று ஷாக் சென்சார். அதிர்வை அறியும். லேசான தட்டலுக்கு ‘கீச்’ என்று ஓர் எச்சரிக்கை, பலமான அடிக்கு முழு சைரன் என இரண்டு நிலை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இதை டேஷ்போர்டு பிளாஸ்டிக்கில் டபுள் சைட் டேப்பால் ஒட்டிவிட்டுப் போகும் கடைகள் இருக்கின்றன. பிளாஸ்டிக் அதிர்வை விழுங்கிவிடும். ஸ்டீயரிங் தண்டைத் தாங்கும் இரும்பு பிராக்கெட்டில் போல்ட் போட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். சென்சாரில் உள்ள சின்னத் திருகைக் குறைந்த அளவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் நான்கு கதவுகளின் மேல்பகுதியையும் முஷ்டியால் தட்டிப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஷாக் சென்சார் மட்டும் போதாது. பக்கக் கண்ணாடிகள் டெம்பர்டு வகை. கூரான முனையால் ஒரே புள்ளியில் அடித்தால் சின்னச் சின்னத் துண்டாகக் கொட்டிவிடும். வண்டியின் உடம்பு அதிகம் அதிராது. அதனால்தான் இரண்டாவதாக அல்ட்ராசோனிக் சென்சார். முன் கண்ணாடியின் இரு ஓரத் தூண்களிலும் மேலே ஒவ்வொன்று, பின்சீட்டைப் பார்த்தபடி பொருத்துவார்கள். மனிதக் காதுக்குக் கேட்காத, சுமார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பித் திரும்பப் பெறும். கண்ணாடி உடைந்து காற்று அசைந்தாலோ, உள்ளே கை நீண்டாலோ பிடித்துவிடும். உங்களுக்கு நேர்ந்த மாதிரித் திருட்டுக்கு இதுதான் சரியான மருந்து.

பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மண்டப வாசலில் வந்து நின்று, எல்லோர் கண்முன்னாலும் டிக்கியில் வைக்காதீர்கள். கிளம்பும் இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

கேள்வி: சிம் போடும் ஜி.பி.எஸ். அலாரம் வாங்கினேன். ஆரம்பத்தில் கதவு திறந்தால் உடனே போனுக்கு அழைப்பு வந்தது. இப்போது ஆப்பில் ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகிறது, அழைப்பும் இல்லை. கடைக்காரர் கருவியையே மாற்றச் சொல்கிறார்.
– கோவை வாசகி

பதில்: கருவிக்குப் பணம் கொடுப்பதற்கு முன் சிம்மைப் பாருங்கள். கருவி வாங்கும்போது போட்ட ரீசார்ஜ் முடிந்திருக்கும். காருக்குள் இருக்கும் சிம்முக்கு வேலிடிட்டி தீர்வதை யாரும் நினைவுபடுத்துவதில்லை, அந்த எஸ்.எம்.எஸ். காருக்குத்தான் போகும், உங்களுக்கு வராது.

முதலில் அந்த எண்ணுக்கு உங்கள் போனிலிருந்து அழையுங்கள். ‘எண் உபயோகத்தில் இல்லை’ என்றால் இணைப்பே ரத்தாகிவிட்டது. ‘ஸ்விட்ச் ஆஃப்’, ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்றால் கருவிக்கு மின்சாரம் போகவில்லை அல்லது அங்கே சிக்னல் இல்லை. மணி அடித்தால் சிம்முக்கு உயிர் இருக்கிறது, டேட்டாவிலோ வெளியே போகும் அழைப்பிலோதான் கோளாறு. பிறகு சிம்மைக் கழற்றிச் சாதாரண போனில் போட்டு, டேட்டா வருகிறதா, வெளியே அழைக்க முடிகிறதா, எஸ்.எம்.எஸ். போகிறதா என்று மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். சிம்முக்கு PIN எண் பூட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். வேறு நிறுவனத்தின் சிம்முக்கு மாறியிருந்தால் கருவியில் ஏ.பி.என். எனும் டேட்டா இணைப்புப் பெயரையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அழைப்பு வரும், ஆப் மட்டும் ஆஃப்லைனிலேயே நிற்கும்.

கருவி 2ஜி மட்டும் பேசும் வகையா, 4ஜியா என்பதைப் பெட்டியில் பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. 2ஜி கருவியில் ஜியோ சிம் போட்டால் எந்த நாளும் வேலை செய்யாது. புதிதாக வாங்குவோர் 4ஜி கருவியே வாங்குங்கள். சிலர் 13 இலக்க எண் கொண்ட, கருவிகளுக்கென்றே உள்ள எம்2எம் சிம்மோடு விற்கிறார்கள். அதில் முன்பே பதிந்து கொடுத்த எண்களுக்கு மட்டுமே அழைப்பு போகும். உங்கள் எண் மாறினால் விற்றவரிடம் சொல்லியே மாற்ற வேண்டும்.

உங்கள் போனிலும் பிரச்சினை இருக்கலாம். பல ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்க, பின்னணியில் ஓடும் ஆப்களை நிறுத்திவிடும். செட்டிங்ஸில் அலாரம் ஆப்புக்கு பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். இரவு இரண்டு மணிக்கு ஆப் அறிவிப்பு தூக்கத்தைக் கலைக்காது, போன் மணிதான் கலைக்கும். ஆகவே குரல் அழைப்பு வரும் கருவிதான் நல்லது. கார் எண்ணைப் பெயர் போட்டுச் சேமித்து, ‘தொந்தரவு செய்யாதே’ நிலையிலும் மணி அடிக்க அனுமதி கொடுங்கள். மாதம் ஒருநாள் வேண்டுமென்றே கதவைத் திறந்து, அழைப்பு வர எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். அடித்தள பார்க்கிங்கில் நிறுத்துபவர்கள் இதை அங்கேயே செய்ய வேண்டும். சிக்னல் இல்லாத தளத்தில் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் ஊமைதான்.

கேள்வி: இரவில் காரணமே இல்லாமல் சைரன் அடிக்கிறது. அக்கம்பக்கத்தில் பேச்சு வாங்க முடியவில்லை.
– மதுரை வாசகர்

பதில்: வெயிலுக்காகக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டு நிறுத்துகிறீர்களா? அல்ட்ராசோனிக் சென்சார் உள்ள காரில் அந்தக் காற்றே போதும். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் தொங்கும் பொம்மையையும் கழற்றுங்கள். இரண்டும் இல்லையென்றால் பானெட் ஸ்விட்சைப் பாருங்கள். மழைத் தண்ணீரும் சேறும் பட்டு அடிக்கடி கெடுவது அதுதான். கழற்றித் துடைத்து, ரப்பர் உறை போட்டால் சரியாகும். கதகதப்புக்காகப் பூனை ஏறிப் படுத்தால் ஷாக் சென்சார் அடிக்கும், அதற்கு உணர்திறனைக் குறைப்பது தவிர வழியில்லை. தீபாவளி வாரத்தில் ஷாக் சென்சாரை மட்டும் அணைத்துவிட்டு, கதவு அலாரத்தை அப்படியே விடுங்கள்.

கேள்வி: வேலை விஷயமாக மூன்று வாரம் வெளியூர் போய் வந்தால் கார் ஸ்டார்ட் ஆவதில்லை. ஜி.பி.எஸ். டிராக்கர் வைப்பதற்கு முன் இந்தத் தொல்லை இல்லை.
– நாகர்கோவில் வாசகர்

பதில்: கணக்குப் போட்டால் புரிந்துவிடும். சின்ன காரில் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 35 ஆம்பியர் ஹவர். பூட்டிய காரே, ரிமோட்டுக்கும் கடிகாரத்துக்குமாக, 25 மில்லி ஆம்பியர் எடுக்கும் என்று கொள்வோம். 21 நாளில் 12.6 ஆம்பியர் ஹவர் போகும்; நல்ல பேட்டரி என்றால் ஸ்டார்ட் ஆகிவிடும். தூங்காத டிராக்கர் இன்னொரு 40 மில்லி ஆம்பியர் எடுத்தால் மொத்தம் 65. அதே 21 நாளில் கிட்டத்தட்ட 33 ஆம்பியர் ஹவர். பேட்டரியில் மிச்சமே இல்லை.

டிராக்கர் தூங்காததற்கு நாம் அதிகம் பார்க்கும் காரணம் வயரிங். சிவப்பு வயர் பேட்டரிக்கு, கறுப்பு பாடிக்கு, ஏ.சி.சி. என்று குறித்த மூன்றாவது வயர் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்துக்குப் போக வேண்டும். அவசர வேலையில் அந்த மூன்றாவதையும் சிவப்போடு சேர்த்து முறுக்கிவிடுகிறார்கள். கார் எப்போதும் ஓடுகிறது என்று நினைத்து, டிராக்கர் இரவும் பகலும் இடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆப்பில் பாருங்கள்: சாவியை எடுத்த பிறகும் ‘இக்னிஷன் ஆன்’ என்று காட்டினால் இதுதான் கோளாறு.

அளந்தும் பார்க்கலாம். மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகுங்கள். பானெட்டைத் திறந்து, அதன் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, காரைப் பூட்டுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றி, கிளாம்ப்புக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். முதலில் ஆம்பியர் கணக்கில் காட்டும், பயப்பட வேண்டாம். அரை மணி நேரம் விட்டால் இறங்கிவிடும். மீட்டர் நடுவே இருக்கும்வரை கதவைத் திறக்கவோ, ஸ்டார்ட் செய்யவோ கூடாது, மீட்டரின் ஃபியூஸ் எரிந்துவிடும். கடைசியாக டிராக்கரின் ஃபியூஸைப் பிடுங்குங்கள். எவ்வளவு குறைகிறதோ அதுதான் டிராக்கர் குடிப்பது. 10 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது.

நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஊருக்குப் போவது தீர்வாகாது. சில மணி நேரத்தில் டிராக்கரின் உள் பேட்டரியும் தீர்ந்து, காவலே இல்லாமல் போகும். வாரம் ஒருமுறை யாரையாவது அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். நிறுத்திய இடத்தில் ஐட்லிங்கில் விடுவதால் பெரிதாக சார்ஜ் ஏறாது.

கேள்வி: போனிலிருந்தே இன்ஜினை நிறுத்தும் வசதி வைத்துத் தருகிறேன் என்கிறார் மெக்கானிக். வைக்கலாமா?
– சேலம் வாசகர்

பதில்: ஃபியூல் பம்ப் வயரை வெட்டி ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) வைப்பதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். ஓடும் காரில் இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் உதவி போகும், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக்கும் கல்லாகிவிடும். உள்ளே திருடன் இருந்தாலும், எதிரே வருபவர் யாரோ ஒரு குடும்பஸ்தர்.

ஸ்டார்ட்டர் ரிலேயின் காயிலுக்குப் போகும் மெல்லிய வயரில் வைக்கச் சொல்லுங்கள். ஓடும் கார் ஓடும். ஒருமுறை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஐந்து முனை ரிலேயில் 30, 87ஏ ஆகிய முனைகள் வழியே இணைக்க வேண்டும். அப்போது டிராக்கர் கெட்டாலும் வழக்கம்போல ஸ்டார்ட் ஆகும். 87இல் கொடுத்தால் டிராக்கர் செத்த அன்றே நடுரோட்டில் நிற்பீர்கள். புஷ் ஸ்டார்ட் காரில் இதைத் தொடாதீர்கள். வயரை வெட்டினால் வாரன்ட்டி தகராறு வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று பாஸ்வேர்டு. மலிவான டிராக்கர்கள் பலவும் 123456 என்ற பாஸ்வேர்டோடு வருகின்றன. 2022 ஜூலையில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, மைகோடஸ் எம்.வி.720 என்ற டிராக்கரைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. காரின் இருப்பிடத்தை அந்நியர் பார்க்கவும், எரிபொருளைத் துண்டிக்கவும் வழிவிடும் ஓட்டைகள் அதில் இருந்தன. வண்டி கடையிலிருந்து வெளியே வரும் முன்பே பாஸ்வேர்டை மாற்றுங்கள். பொருத்திய மெக்கானிக்கின் எண் அட்மின் பட்டியலில் இருந்தால் நீக்குங்கள்.

கேள்வி: நள்ளிரவில் அலாரம் அழைப்பு வந்தால் என்ன செய்வது?
– சென்னை வாசகி

பதில்: தனியாக இறங்கிப் போகாதீர்கள். வீட்டு விளக்குகளைப் போடுங்கள், மாடியிலிருந்து பாருங்கள், ரிமோட்டின் பேனிக் பட்டனை அழுத்துங்கள். ஆள் தெரிந்தால் 112க்கு அழைத்துத் தெருப் பெயர், கார் நிறம், பதிவெண் சொல்லுங்கள். கார் நகர்ந்துவிட்டால் ஆப்பின் லொக்கேஷனைப் போலீஸாரிடம் கொடுங்கள், நீங்கள் துரத்த வேண்டாம். உடைத்த கார் அங்கேயே இருந்தால் தொடாமல் போட்டோ எடுங்கள்.

கேள்வி: அலாரம் வைத்தால் இன்ஷூரன்ஸ் குறையுமா? உடைந்த கண்ணாடிக்குப் பணம் கிடைக்குமா?
– ஈரோடு வாசகர்

பதில்: வாகனச் சோதனை அமைப்பான ஏ.ஆர்.ஏ.ஐ.யின் அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்கு, சொந்தச் சேத பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் என்பது வழக்கமான தள்ளுபடி. கடையில் வாங்கும் எல்லாக் கருவிக்கும் கிடைக்காது, சான்றிதழ் கேட்பார்கள். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு இல்லை, முழு விலையும் கணக்கில் வரும். ஆனால் 1500 சி.சி. வரையுள்ள காரில் முதல் 1,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும், பணம் கேட்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் நோ கிளைம் போனஸும் போகும். ஒரு பக்கக் கண்ணாடிக்குக் கைக்காசு போட்டு மாற்றுவதே பெரும்பாலும் லாபம். காருக்குள் இருந்த பை, லேப்டாப் ஆகியவற்றுக்கு மோட்டார் பாலிசியில் ஒரு பைசாவும் வராது. அவற்றுக்குப் போலீஸ் புகாரும் அதைப் பெற்றதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதும்தான் முதல் ஆதாரம். காரே போய்விட்டால் எஃப்.ஐ.ஆரோடு இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். ஆகவே இரண்டாவது சாவியைக் காருக்குள் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.