உச்சியில் ஏன் அப்படி நடுங்கியது?

கேள்வி: போன தை மாதம் நண்பிகளோடு சிவனொளிபாதமலை ஏறினேன். ஏறும்போது வேர்த்து ஊற்றியது. உச்சிக்குப் போனதும், தடித்த ஜேர்சி போட்டிருந்தும் பல்லெல்லாம் கிடுகிடுத்தது. இந்த முறை 64 வயது அப்பாவும் வருகிறேன் என்கிறார். எத்தனை மணிக்கு ஏறத் தொடங்கலாம்?
– ஒரு வாசகி, மட்டக்களப்பு

பதில்: ஜேர்சியில் பிழையில்லை, அதற்குள்ளே இருந்த பெனியன்தான் உங்களைக் கவிழ்த்தது. அடிவார ஊரான நல்லதண்ணியில் இருந்து கிட்டத்தட்ட 5500 படி, எந்தக் குளிரிலும் வேர்க்கும். பருத்தி அந்த வேர்வையைக் குடித்துவிட்டு விடாமல் வைத்திருக்கும். காற்றோடு ஒப்பிட்டால் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். நடக்கும்வரை தெரியாது, நின்றதும் தெரியும். அடிவாரத்தை விட உச்சி ஏறக்குறைய 1000 மீற்றர் உயரம், அதாவது ஆறு பாகையாவது குளிர் கூட. போதாததற்குக் காற்று வேறு. 10 பாகைக் குளிரில் மணிக்கு 40 கிலோமீற்றர் காற்று அடித்தால் உடம்புக்கு அது 6 பாகை மாதிரித்தான்.

நானும் ஒருமுறை, இளம் வயது வீறாப்பில், நள்ளிரவுக்கு முன்னமே வெளிக்கிட்டு மூன்றரைக்கெல்லாம் உச்சியில் போய் நின்றேன். சூரியன் வர ஆறேகால், ஆறரை ஆகும் என்பதை யோசிக்கவில்லை. நனைந்த பெனியனோடு மூன்று மணித்தியாலம் மதிலோரம் குந்தியிருந்துவிட்டு, கடைசியில் படம் எடுக்கலாம் என்று பார்த்தால் விரல் மடங்கவில்லை, பையின் சிப்பைக்கூடத் திறக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு ஐயா திறந்து தந்தார்.

ஆகவே, சீக்கிரம் போய்ச் சேர்வதில் ஒரு பெருமையும் இல்லை. மாற்றுப் பெனியன் ஒன்றையும் சின்னத் துவாயையும் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துப் போங்கள். உச்சிக்குச் சற்றுக் கீழேயே, காற்றுப் படாத ஒரு மூலையில், உடம்பைத் துடைத்து மாற்றிவிட்டு அதன்மேல் ஜேர்சி, எல்லாவற்றுக்கும் மேல் மழைக்கோட்டு. ஏறும்போது ஜேர்சி பையிலேயே இருக்கட்டும்.

அப்பாவுக்கு என்றால் நான் சூரிய உதயத்தையே விட்டுவிடச் சொல்வேன். மலையின் முக்கோண நிழல் விடியலில்தான் விழும், அது நட்டம்தான், சரி. ஆனால் காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் படி தெரியும், வரிசை குறைவு, இருந்து இருந்து ஏறலாம், மத்தியானத்துக்குப் பிறகு மெல்ல இறங்கலாம். முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான், ஒரு தடி இருக்கட்டும். அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம், பிரஷர் ஏதும் இருந்தால் முதலில் டொக்டரிடம் கேளுங்கள். வழியில் அவருக்குப் பேச்சுக் குழறினாலோ, கால் தடுமாறினாலோ, ‘இன்னும் கொஞ்சத் தூரம்தான்’ என்று இழுக்காமல் அருகில் உள்ள தேநீர்க் கடைக்குள் கூட்டிப்போய் ஈர உடுப்பை மாற்றி, சீனி கூடப் போட்ட சூடான பிளேன்டீ கொடுங்கள், அப்புறம் கீழேதான் இறங்க வேண்டும். கடைகளும் விளக்குகளும் மார்கழிப் பௌர்ணமியில் இருந்து வைகாசிப் பௌர்ணமி வரையான பருவத்தில்தான், மற்ற மாதங்களில் அவரைக் கூட்டிப் போக வேண்டாம்.

கேள்வி: உச்சியில் உள்ள மணியை எத்தனை தரம் அடிக்க வேண்டும்?
– ஒரு வாசகர், வத்தளை

பதில்: எத்தனையாவது முறை ஏறியிருக்கிறீர்களோ, அத்தனை தரம். முதல் முறை என்றால் ஒன்றோடு நிறுத்துங்கள், பின்னால் நிற்பவர் எண்ணிக்கொண்டுதான் இருப்பார்.