‘உன் மகன் 40 நாளில் வருவான்’ என்று ஊழியக்காரர் சொன்னால்

கிளிநொச்சிப் பக்கமிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகன் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் காணாமல் போனவர். போன மாதம் பக்கத்து வீட்டு உபவாச ஜெபத்துக்கு வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். இந்த அம்மாவை எழுப்பி நிறுத்தி, மகனின் பெயரையும் சொல்லி, “இருட்டறையில் இருக்கிறான், 40 நாளில் உன் வாசலுக்கு வருவான்” என்றாராம். அதற்கு ஒரு இலட்சம் ரூபாய் ‘விதைக்க’, அதாவது காணிக்கையாகக் கொடுக்க வேண்டுமாம். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் இருக்கும் வீதியோரப் போராட்டப் பந்தலுக்குப் போவது அவிசுவாசம், அதையும் நிறுத்த வேண்டுமாம். “சங்கிலியை அடகு வைக்க யோசிக்கிறேன். சந்தேகப்பட்டால் ஆவியானவரைத் துக்கப்படுத்திவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. என்ன செய்ய?” என்று கேட்கிறார்.

அம்மா, சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். மற்றதை ஆறுதலாகப் பேசுவோம்.

முதலில் உங்கள் பயம். “ஆவியை அவித்துப்போடாதிருங்கள்” என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், அதே மூச்சில் “எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்றும் எழுதினார் (1 தெசலோனிக்கேயர் 5:19-21). சோதிக்கச் சொன்னதே வேதம்தான். பெரோயா பட்டணத்தார் பவுலின் பேச்சையே வேதவாக்கியங்களோடு ஒத்துப்பார்த்தார்கள். அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்கிறது அப்போஸ்தலர் 17:11. பவுலைச் சோதிக்கலாம் என்றால் இந்த ஊழியக்காரரையும் சோதிக்கலாம்.

மகனின் பெயர் அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது உங்களை உலுக்கியிருக்கும். ஆனால் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் நம் தாய்மார் பிள்ளைகளின் படத்தைக் கையில் ஏந்தி இருந்தார்கள். படங்களில் பெயர் இருக்கிறது. பத்திரிகையிலும் பேஸ்புக்கிலும் அவை வந்திருக்கின்றன. ஜெபக் கூட்டத்தில் எழுதிக் கொடுக்கும் விண்ணப்பத் துண்டும் பலர் கைக்குப் போகிறது. வன்னியில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, ‘இங்கே ஒரு பிள்ளை இல்லை’ என்று சொல்ல வெளிப்பாடு வேண்டியதில்லை. அவர் உண்மையிலேயே ஏதோ அடையாளம் காட்டினார் என்றே வைத்துக்கொள்வோம். உபாகமம் 13ஆம் அதிகாரம் அடையாளம் பலித்தாலும் போதாது, அது உன்னை யாரிடம் கொண்டுபோகிறது என்று பார் என்கிறது. சாத்திரியிடம் போகமாட்டோம் என்று உறுதியாக இருக்கும் நம் சபையார், அதே கேள்வியை ஊழியக்காரரிடம் கேட்டு, தட்சணைக்குப் பதில் காணிக்கை வைக்கிறோம். இது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம்.

எரேமியா 28ஆம் அதிகாரத்தை இன்றிரவு வாசியுங்கள். பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் 2 வருடத்தில் திரும்பி வருவார்கள் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்னும் சொன்னான். எரேமியாவின் முதல் பதில் என்ன தெரியுமா? “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக.” அந்த வார்த்தை பலிக்க வேண்டும் என்று எரேமியாவும் ஏங்கினார். மகன் வருவான் என்ற வார்த்தைக்கு உங்கள் நெஞ்சு பாய்ந்ததில் பாவமே இல்லை, அம்மா. ஆனால் ஏக்கத்துக்கு ஏற்றபடி எரேமியா வார்த்தையை வளைக்கவில்லை. அடுத்த அதிகாரத்தில் சிறைப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் 70 வருடம் என்றார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்றார். 2009இல் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் கூடாரத்துக்குள் இருந்து அந்தக் கடிதத்தை வாசித்தேன். எனக்கும் அது கசந்தது. ஆனால் என்னிடம் காசு கேட்காத வார்த்தை அது.

விதைப்பணம் கேட்பவர்கள் பெரும்பாலும் சாறிபாத் விதவையைக் காட்டுவார்கள்: “எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் அடை சுட்டுக் கொடுத்தாள், பானையில் மா குறையவில்லை.” சரி, அந்த அதிகாரத்தை (1 இராஜாக்கள் 17) முழுதாகப் பாருங்கள். எலியா அந்த மாவை எடுத்துக்கொண்டு வாகனம் ஏறவில்லை. அநேக நாள் அதே வீட்டில், அதே பானையில் சாப்பிட்டார். பிறகு அவள் மகன் இறந்தபோது, ‘என் அக்கிரமத்தை நினைப்பூட்டவா வந்தீர்’ என்று அவள் கதறினாள். எலியா அவளைக் குற்றப்படுத்தவில்லை. இன்னொரு காணிக்கையும் கேட்கவில்லை. “உன் குமாரனை என்னிடத்தில் தா” என்று வாங்கி, மேல்வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், தானே கர்த்தரிடம் அழுதார். உங்களிடம் வந்தவர் உங்களோடு ஒரு நாளாவது உட்கார்ந்து அழுதாரா?

பந்தலுக்குப் போவது அவிசுவாசம் என்றது எனக்குப் பெருங்கோபம் தருகிறது. நீதியற்ற நியாயாதிபதியின் வாசலை விடாமல் தட்டிய விதவையை இயேசுவே எடுத்துக்காட்டினார் (லூக்கா 18). போய் வாருங்கள்.

இனி செய்ய வேண்டியது. அந்த ஊழியக்காரரிடம் தனியாகப் பேச வேண்டாம். சகோதரியையோ நம்பிக்கையான அயலவரையோ கூட்டிப் போங்கள். உங்கள் சொந்தச் சபைப் போதகர் அல்லது பங்குத்தந்தை முன்னிலையில், சொன்ன அதே வார்த்தையைத் திகதி போட்டு எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். தீர்க்கதரிசனம் சொன்னால் மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்பது 1 கொரிந்தியர் 14:29. நல்ல ஊழியர் இதற்குச் சம்மதிப்பார். கோபப்பட்டாலோ, சாபம் வரும் என்று மிரட்டினாலோ, அதுவே உங்களுக்குப் பதில். காசுக்காக நுண்கடன் எடுக்கவே வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் வெட்கப்படாமல் போதகரிடம் சொல்லுங்கள்; மிரட்டல் தொடர்ந்தால் பொலிஸில் முறையிடுங்கள்.

இன்னொன்றை இப்போதே சொல்லி வைக்கிறேன். 40 நாள் முடிந்து மகன் வராவிட்டால், ‘உன் விசுவாசம் போதவில்லை’ என்பார்கள். அதை ஏற்காதீர்கள். சொன்னது நடக்காவிட்டால் குற்றம் சொன்னவன்மேல் என்கிறது உபாகமம் 18:22: “துணிகரத்தினால் சொன்னான், அவனுக்கு நீ பயப்படவேண்டாம்.” 2009 மே 18இல் வட்டுவாகலில் சரணடைந்த மக்களோடு கூடவே போன அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப்பும் திரும்பி வரவில்லை. அவருக்காக ஜெபித்தவர்களிடம் விசுவாசம் குறைவாகவா இருந்தது?

மகன் வரமாட்டான் என்று நான் சொல்லவில்லை. அவனுக்காக ஜெபிப்பதை நீங்கள் விடவும் வேண்டாம். காசில்லாமல், நாள் குறிக்காமல் ஜெபியுங்கள். அந்த 40ஆம் நாள் மட்டும் வீட்டில் தனியாக வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், அம்மா. விடியவே படத்தை எடுத்துக்கொண்டு மற்றத் தாய்மாரிடம் போய்விடுங்கள். பின்னேரம் உங்கள் போதகரையும் இரண்டு சகோதரிகளையும் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். தேத்தண்ணி வைத்து, மகனைப் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள்.