கேள்வி – பதில்: லொறி எங்கே போய்க் கொட்டுகிறது?

கேள்வி: நிலைபேறான அபிவிருத்தியை உலக மட்டத்தில் அளக்க இத்தனை இலக்குகளும் குறிகாட்டிகளும் ஏன்? நாடுகளுக்கு ஒரே புள்ளி போட்டு வரிசைப்படுத்தினால் போதாதா?
– உயர்தர மாணவி, வெள்ளவத்தை

பதில்: மகள், நிலைபேறான அபிவிருத்தியின் வரைவிலக்கணம் 1987இல் ஐ.நா.வின் புருண்ட்லாண்ட் ஆணைக்குழு தந்ததுதான்: வருங்காலச் சந்ததி தன் தேவையை நிறைவேற்றும் வல்லமையைக் கெடுக்காமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது. பரீட்சைக்கு அது போதும். ஆனால் பிறக்காத பிள்ளையின் தேவையை எவராலும் அளக்க முடியாது. அந்தப் பிள்ளைக்கு நாம் விட்டுவைக்கும் நிலம், நீர், காடு, கல்வி எவ்வளவு என்றுதான் அளக்கலாம்.

மொத்த உள்நாட்டு உற்பத்தி அதைச் சொல்லாது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். இடிபாட்டை அள்ளிய இயந்திரங்களின் வாடகையும் லொறிக் கூலியும் அந்த ஆண்டின் உற்பத்தியில் கூடும். புதைந்துபோன வீடுகளுக்காக அந்தக் கணக்கில் ஒரு சதமும் கழிபடாது. எனக்கு இன்றைக்கும் பொறுக்காத கணக்கு இது.

2015இல் ஐ.நா. ஏற்ற 17 இலக்குகளும் 169 உப இலக்குகளும் இந்தக் குறையைத் தீர்க்கப் பார்க்கின்றன. நகரங்கள் பற்றிய 11ஆவது இலக்கை எடுங்கள். நகரக் குப்பையில் எத்தனை வீதம் சேகரிக்கப்பட்டு, முறையான இடத்தில் கையாளப்படுகிறது என்று ஒரு குறிகாட்டி கேட்கிறது. உங்கள் ஒழுங்கைக்குக் காலையில் லொறி வந்து பைகளை ஏற்றிப்போனால் வாசல் துப்புரவு. கேள்வியின் முதற்பாதி சரி. அந்த லொறி எங்கே போய்க் கொட்டுகிறது என்பது மறுபாதி. மீதொட்டமுல்லை மக்கள் அந்த மறுபாதிக்கு அருகில்தான் குடியிருந்தார்கள்.

எல்லாவற்றையும் ஒரே புள்ளியாகச் சுருக்கினால் நல்ல பள்ளிக்கூடம் நாறும் வாய்க்காலை மறைத்துவிடும். நாடுகளை ஒரே புள்ளியால் வரிசைப்படுத்தும் ஐ.நா.வின் மனித அபிவிருத்திச் சுட்டியையே பாருங்கள்: ஆயுள், கல்வி, வருமானம் மூன்றும் உண்டு, இயற்கை இல்லை. 2020 அறிக்கையில் தலைக்குரிய காபன் வெளியேற்றத்தையும் மூலப்பொருள் நுகர்வையும் சேர்த்துத் திருத்திப் பார்த்தார்கள். முதலிடத்தில் நின்ற நோர்வே 15 இடம் இறங்கியது. வரிசைப் பட்டியலை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். உங்கள் கட்டுரைக்கு நோர்வேயையும் மீதொட்டமுல்லையையும் எடுத்து எழுதுங்கள். 17 இலக்குகளையும் மனப்பாடமாக ஒப்புவிக்க வேண்டாம்.