ஒரு பக்க ஷாக் மட்டும் மாற்றினால் போதாதா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து பாலக்காட்டுக்குக் காய்கறி ஓட்டுகிறேன். சின்ன பிக்கப், முன்னாலும் பட்டைதான் (லீஃப் ஸ்பிரிங்). இடது முன்பக்க ஷாக் அப்சார்பரில் ஆயில் வடிகிறது. பிரேக் பிடித்தால் வண்டி மூக்கைக் குத்துகிறது. மெக்கானிக் இரண்டு பக்கமும் மாற்றச் சொல்கிறார். வலது பக்கம் காய்ந்து சுத்தமாக இருக்கிறதே, ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா? நானே மாட்டிக்கொள்ளலாமா?
- வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: உங்கள் மெக்கானிக் சொன்னதுதான் சரி. ஆனால் அவர் சொல்லிவிட்டார் என்று மாற்றாதீர்கள், தொட்டுப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். மேடுபள்ளமான ரோட்டில் 15 கிலோமீட்டர் ஓட்டுங்கள். நிறுத்தின கையோடு இரண்டு ஷாக்கின் உடம்பையும் தொடுங்கள் (பக்கத்தில் பிரேக் சூடாக இருக்கும், கை பத்திரம்). வேலை செய்கிற ஷாக் வெதுவெதுப்பாக இருக்கும். பட்டையின் ஆட்டத்தை உள்ளே இருக்கும் ஆயில் வாங்கிச் சூடாக மாற்றுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. செத்த ஷாக் சில்லென்று கிடக்கும். ஆயில் வடியாமலே உள்ளே வால்வு போன ஷாக்குகளை நான் நிறையக் கழற்றியிருக்கிறேன். உங்கள் வலது பக்கமும் அப்படி இருந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை.

சரி, வலது பக்கம் சூடாகவே இருக்கிறது என்று வையுங்கள். அப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். புதுசு ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்கும், பழசு மறு பக்கம் துள்ளவிடும். ஈர ரோட்டில் சுமையோடு பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் மிச்சம் பிடித்த காசு எந்த மூலைக்கு? பின்பக்கத்தை இப்போதே மாற்ற வேண்டியதில்லை.

நீங்களே மாட்டலாம். ஷாக்கைக் கழற்றினால் வண்டி உட்கார்ந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். பட்டை வண்டியில் சுமையைத் தாங்குவது பட்டை, ஷாக் இல்லை. அதனால் சக்கரம் தரையில் இருக்கும்போதே பல வண்டிகளில் கழற்றிவிடலாம். சக்கரத்தை ஒரு பக்கம் திருப்பினால் கை உள்ளே போகும். போகவில்லை என்றால் ஜாக்கி போடுங்கள். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், சேஸிக்குக் கீழே ஸ்டாண்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை.

முந்தின நாள் ராத்திரியே நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் மறுநாள் சுத்தியைத் தேடுவார்கள்.

சில ஷாக்கில் மேல்முனை கம்பியாக வந்து நட்டில் முடியும். நட்டைத் திருகினால் கம்பியும் கூடவே சுற்றும். நான் தொழில் கற்ற முதல் வருஷம், பட்டறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, புது ஷாக்கின் பளபளப்பான கம்பியைக் கட்டிங் பிளேயரால் இறுக்கிப் பிடித்து நட்டை முறுக்கினேன். வாத்தியார் வந்து பார்த்தார், திட்டவில்லை. "ரெண்டு மாசம் கழிச்சு இதே வண்டி வரும், நீயே கழட்டு" என்றார். ரெண்டு மாசம்கூட ஆகவில்லை. கம்பியில் விழுந்த கீறல் மேலும் கீழும் போய்வந்து, ஆயிலை அடைத்து வைக்கும் ரப்பர் சீலை அறுத்துவிட்டது, ஆயில் முழுக்க வெளியே. கம்பியின் நுனியில் ஸ்பேனர் பிடிக்கத் தட்டையாக வெட்டியிருப்பார்கள். அங்கே மட்டும் பிடியுங்கள்.

புது ஷாக் கடையில் படுத்துக் கிடந்திருக்கும், உள்ளே காற்று இடம் மாறியிருக்கும். நிமிர்த்திப் பிடித்து, முழுக்க இழுத்து முழுக்க அமுக்கி, நாலைந்து தடவை பம்ப் பண்ணுங்கள். முதலில் நடுவில் லொடக்கென்று இறங்கும், போகப்போக ஒரே சீராகக் கனக்கும். அப்புறம் மறுபடி படுக்கவைக்காமல் மாட்டிவிடுங்கள். கேஸ் அடைத்த ஷாக் என்றால் தானாக நீளும், கட்டியிருக்கும் பட்டியை இடத்தில் வைத்த பிறகே வெட்டுங்கள்.

மேல் நட்டை ரப்பர் புஷ் வாஷரின் அகலத்துக்குப் பிதுங்கும் வரை இறுக்கினால் போதும். அதற்கு மேல் முறுக்கினால் ரப்பர் கிழியும். ஜாக்கியில் தூக்கியிருந்தால், ஷாக்கின் கீழ்க் கண்ணில் (வளையத்தில்) உள்ள போல்ட்டை வண்டியை இறக்கிச் சக்கரம் தரையில் நின்ற பிறகே கடைசியாக இறுக்குங்கள். தொங்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் போய்விடும். இதைப் பட்டறைக்காரர்களிலேயே பாதிப் பேர் கவனிப்பதில்லை. பாலக்காடு ஒரு நடை போய்வந்ததும் எல்லா நட்டையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.

முன் டயரைத் தடவிப் பாருங்கள். குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் மாற்றினாலும் டயரின் உறுமல் சத்தம் போகாது. அதற்குப் புது ஷாக்கைக் குறை சொல்லாதீர்கள். ஷாக் புதுசு என்று தக்காளிப் பெட்டியைக் கூடுதலாக ஏற்றவும் வேண்டாம், பட்டை அதே பழைய பட்டைதான்.

கேள்வி: என்னுடையது இசுஸு டி-மேக்ஸ். முன்னால் காயில் ஸ்பிரிங்குக்கு நடுவில் ஷாக் இருக்கிறது. வீட்டில் வைத்தே மாற்றலாமா? ஸ்பிரிங்கைக் கயிறு போட்டுக் கட்டி அமுக்கலாம் என்கிறார் என் மைத்துனர்.
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: வேண்டாம். மேலே சொன்ன கழற்றி மாட்டும் முறை உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. அமுங்கிக் கிடக்கும் அந்த ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது நடுவில் இருக்கும் ஒற்றை நட்டுதான். அதைத் திறந்தால் ஸ்பிரிங் தெறித்து வரும், எதிரில் முகம் இருந்தால் முகம் போகும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் வைத்திருக்கிற பட்டறைக்கே கொண்டுபோங்கள். மாட்டிய பிறகு வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள். கயிற்றை மைத்துனரிடமிருந்து வாங்கி வைத்துவிடுங்கள், தார்ப்பாய் கட்ட உதவும்.