விண்டோஸ் பதிப்பைப் பூட்டிவைக்க ஒரு ஸ்கிரிப்ட்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 40 கணினிகள். கணக்கு மென்பொருளை விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில்தான் சோதித்திருக்கிறோம். அடுத்த பதிப்பான 25எச்2 தானாக ஏறிவிடாமல் ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) மூலம் தடுக்க முடியுமா?

பதில்: முடியும். தயவுசெய்து அப்டேட் சர்வீஸையே முடக்கிவிடாதீர்கள். பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்து நின்றுவிடும். பதிப்பை மட்டும் பூட்டுவதற்கென்றே ஒரு கொள்கை இருக்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் எச்கேஎல்எம், சாஃப்ட்வேர், பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ்அப்டேட் என்று இறங்குங்கள். அங்கே 'டார்கெட்ரிலீஸ்வெர்ஷன்' 1 ஆகவும், 'புராடக்ட்வெர்ஷன்' விண்டோஸ் 11 ஆகவும், 'டார்கெட்ரிலீஸ்வெர்ஷன்இன்ஃபோ' 24எச்2 ஆகவும் இருக்க வேண்டும். முதலாவது டிவேர்ட் (எண்) வகை, மற்ற இரண்டும் ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்). விண்டோஸின் ஸ்கிரிப்ட் கருவியான பவர்ஷெல்லில் வகையைக் குறிப்பிடாமல் 1-ஐ மேற்கோள் குறிக்குள் போட்டுப் புதிதாக எழுதினால், அது ஸ்ட்ரிங்காகவே பதிவாகும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதனால்தான் பலருக்கு இது பிடிபடுவதே இல்லை.

இந்தப் பூட்டுக்கு ஆயுள் உண்டு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். புரோ பதிப்புக்கு 24எச்2-இன் ஆதரவு 2026 அக்டோபர் 13-இல் முடிகிறது. அதற்குப் பிறகும் நீங்கள் இலக்கை மாற்றாவிட்டால், 60 நாள் கழித்து விண்டோஸ் தானாகவே அடுத்த பதிப்புக்குப் போய்விடும்.

கேள்வி: இதே போன்ற ஸ்கிரிப்டை இயக்கினேன். பூட்டு விழுந்தது. ஆனால் கணினிகள் எங்கள் உள் அப்டேட் சர்வரை விட்டுவிட்டு நேராக மைக்ரோசாஃப்டிடம் போகத் தொடங்கிவிட்டன. இணைய இணைப்பு திணறுகிறது.

பதில்: உங்கள் ஸ்கிரிப்டில், புதிதாக ஒன்றை உருவாக்கும் பவர்ஷெல் கட்டளையான 'நியூ-ஐட்டம்' வரியின் கடைசியில் 'ஃபோர்ஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். கோப்புறைக்கு அதே கட்டளையைக் கொடுத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. இருந்தது அப்படியே இருக்கும். ரெஜிஸ்ட்ரி கீ (மதிப்புகளை வைத்திருக்கும் அடுக்கு) விஷயத்தில் அப்படியல்ல. கீ ஏற்கெனவே இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, காலியான புதிய கீயை வைக்கும். உள் சர்வரின் முகவரியான 'டபிள்யூயூசர்வர்' மதிப்பு அதே கீயில்தான் குடியிருக்கிறது. பூட்டுக்கான மூன்று மதிப்புகளை எழுதப் போய், முகவரியை அழித்துவிட்டீர்கள்.

இனிமேல் 'டெஸ்ட்-பாத்' கொண்டு கீ இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மட்டும் உருவாக்குங்கள். பழைய 'ரெக் ஆட்' கட்டளை இந்த வம்புக்கே போகாது. சொன்ன மதிப்பை மட்டும் மாற்றும், கீ இல்லையென்றால் உண்டாக்கிக்கொள்ளும். பவர்ஷெல் அழகுதான், ஆனால் இந்த ஒரு வேலைக்கு நான் 'ரெக்' பக்கம்தான். எதுவானாலும், தொடுவதற்கு முன் 'ரெக் எக்ஸ்போர்ட்' செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 10 கணினிகளை மட்டும் தேடிப் பட்டியலிட ரெஜிஸ்ட்ரியின் 'புராடக்ட்நேம்' மதிப்பைப் படிக்கிறேன். விண்டோஸ் 11 கணினிகளும் சேர்ந்து வருகின்றனவே?

பதில்: உங்கள் ஸ்கிரிப்டில் பிழை இல்லை. விண்டோஸ் 11-இலும் அந்த இடத்தில் 'விண்டோஸ் 10' என்றுதான் எழுதியிருக்கிறது. பில்ட் எண்ணைப் பாருங்கள்: 22000 அல்லது அதற்கு மேல் என்றால் விண்டோஸ் 11. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 என்றால் 19045. பில்ட் எண்ணைத் தரும் 'கரன்ட்பில்ட்' மதிப்பு ஸ்ட்ரிங்காக வரும்; எண்ணாக மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள்.

கேள்வி: ஸ்கிரிப்ட் எழுதிய மதிப்பு ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. கொள்கைகளை அமைக்கும் குரூப் பாலிசி எடிட்டரைத் திறந்தால் 'அமைக்கப்படவில்லை' என்கிறது. எதை நம்புவது?

பதில்: ரெஜிஸ்ட்ரியை. எடிட்டர் தன் சொந்தக் கோப்பான 'ரெஜிஸ்ட்ரி.போல்' கோப்பைப் படித்துக் காட்டுகிறதே தவிர, நீங்கள் நேரடியாக எழுதியது அதற்குத் தெரியாது. இரண்டும் ஒத்துப்போக வேண்டுமானால் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'எல்ஜிபிஓ' என்ற கட்டளைக் கருவி மூலம் எழுதுங்கள். கணினி டொமைனில் (அலுவலகக் கணினிகளை மையமாக நிர்வகிக்கும் வலையமைப்பில்) சேர்ந்திருந்து, அங்கே இதே கொள்கை வேறுவிதமாக அமைக்கப்பட்டிருந்தால் டொமைன் சொல்வதுதான் நிற்கும். அப்போது ஸ்கிரிப்டோடு மல்லுக்கட்டாமல் டொமைன் நிர்வாகியிடம் பேசுங்கள்.

கேள்வி: வீட்டில் ஹோம் பதிப்பு. இதெல்லாம் எனக்குப் பயன்படுமா?

பதில்: படாது. இந்தக் கொள்கை புரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளுக்கானது. செட்டிங்ஸில் அப்டேட்டை அதிகபட்சம் 35 நாள் நிறுத்திவைக்கலாம். அதற்கு ஸ்கிரிப்ட் எதற்கு?