பி0203 எரர் கோட் வந்தால் இன்ஜெக்டரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

நாலு சிலிண்டர் பெட்ரோல் கார், ஐட்லிங்கில் மிஸ்ஸிங், ஸ்கேனரில் பி0203, மூன்றாவது இன்ஜெக்டரை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். சிலிண்டருக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களில் மூன்றாவதன் சர்க்யூட்டில் கோளாறு என்பதுதான் அந்தக் கோடுக்கு அர்த்தம். சர்க்யூட் என்றால் ஒயர், அதன் முனையில் செருகும் கப்ளர், இன்ஜெக்டருக்குள் இருக்கும் காயில், எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான இசியூ எல்லாமே அடக்கம். இதில் அதிகம் போவது ஒயரும் கப்ளரும்தான்.

சாவி போட்டதும் ரிலே வழியாக நான்கு இன்ஜெக்டருக்கும் 12 வோல்ட் வந்து நிற்கும். மறுமுனையில் இருக்கும் கன்ட்ரோல் ஒயரை இசியூ எர்த் செய்யும்போதுதான் இன்ஜெக்டர் திறக்கும். எர்த் செய்யாத நேரத்தில் அந்த 12 வோல்ட் காயிலைத் தாண்டி இசியூவின் பின்வரை வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் உடனே பி0203. அடைத்துக்கொண்ட இன்ஜெக்டருக்கு இந்தக் கோட் வராது, அந்தச் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று சொல்லும் பி0303 போன்ற மிஸ்ஃபயர் கோட்தான் வரும். ஆகவே இன்ஜெக்டர் கிளீனிங்குக்கும் இப்போது காசு கொடுக்காதீர்கள்.

முதலில் மூன்றாவது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் வேறு கதை: கன்ட்ரோல் ஒயர் எங்கோ பாடியில் உரசி எர்த் ஆகி, இன்ஜெக்டர் மூடாமல் ஊற்றிக்கொண்டே இருக்கலாம். அப்போது ஸ்டார்ட் அடிப்பதை நிறுத்துங்கள். சிலிண்டரில் பெட்ரோல் நிறைந்தால் கனெக்டிங் ராட் வளையும், எஞ்சின் ஆயிலிலும் பெட்ரோல் கலக்கும்.

பிளக் காய்ந்திருந்தால், சாவியை ஆஃப் செய்துவிட்டு இரண்டாவது, மூன்றாவது இன்ஜெக்டர்களின் கப்ளரை மட்டும் இடம் மாற்றிச் செருகுங்கள். ஒயர் நீளம் பெரும்பாலும் எட்டும். கோடை அழித்துவிட்டு அரை நிமிடம் ஐட்லிங்கில் ஓட்டுங்கள். கோட் பி0202 ஆக, அதாவது இரண்டாவது இன்ஜெக்டர் சர்க்யூட்டின் கோடாக மாறினால் மூன்றாவது இன்ஜெக்டரின் காயில் போய்விட்டது. பி0203 ஆகவே நின்றால் இன்ஜெக்டர் நல்லது, கோளாறு ஒயரிலோ இசியூவிலோதான். பெட்ரோல் லைனைத் திறக்காமலே பாதி வேலை இதில் முடிந்துவிடும்.

காயிலை மல்டிமீட்டரிலும் உறுதி செய்யுங்கள். மேனிஃபோல்டில் பெட்ரோல் அடிக்கும் இப்படிப்பட்ட எஞ்சின்களில் பொதுவாக 12 முதல் 16 ஓம் காட்டும். நான்கையும் அளந்து ஒப்பிடுவதுதான் சரி. ஒன்று மட்டும் விலகி நின்றால் அதுதான் ஆள். சூடானால் மட்டும் மிஸ்ஸிங் வருகிறது என்றால், எஞ்சின் சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். ஆறியதும் சில காயில் சரியாகவே காட்டும்.

அடுத்தது சப்ளை. மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். ஒற்றை இழையில் தொங்கும் ஒயரும் மீட்டரில் 12 காட்டும். கப்ளரின் சப்ளை பின்னுக்கும் எர்த்துக்கும் நடுவே 5 வாட் பல்பு போடுங்கள். மங்கலாக எரிந்தால் சப்ளை ஒயரில் பச்சை பூத்திருக்கிறது. சில கார்களில் சாவி போட்டதும் ஓரிரு நொடிதான் சப்ளை வரும், அங்கே செல்ஃப் அடிக்கும்போது பாருங்கள். கன்ட்ரோல் ஒயரில் மட்டும் பல்பு போடவே கூடாது, அந்த ஒயரை எர்த் செய்யும் இசியூவின் டிரைவர் எரியக்கூடும். அங்கே எல்இடி டெஸ்டர்தான். கப்ளரின் இரண்டு பின்னுக்கும் நடுவே போட்டு செல்ஃப் அடித்தால் மினுக் மினுக்கென்று மின்ன வேண்டும்.

மின்னவில்லையா? பேட்டரி மைனஸைக் கழற்றி, இசியூ கப்ளரை எடுத்து, கன்ட்ரோல் ஒயரை முனைக்கு முனை அளங்கள். 1 ஓமுக்குள் இருக்க வேண்டும், பாடிக்கு கண்டினியூட்டி இருக்கவே கூடாது. மீட்டர் மாட்டியிருக்கும்போதே ஹார்னஸை, அதாவது ஒயர் கட்டை, அங்கங்கே வளைத்து ஆட்டுங்கள். எண் துள்ளும் இடத்தில்தான் அறுந்திருக்கிறது. எலி கடி, வால்வ் கவர் ஓரத்தில் உரசல், கப்ளர் கழுத்து இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். தடித்த மீட்டர் முனையைப் பெண் பின்னுக்குள் திணிக்காதீர்கள். வாய் விரிந்துபோய் புதுக் கோளாறு வரும்.

ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது ரிப்பேரே இல்லை. பழைய ஒயரின் அதே தடிமனில் ஆட்டோ ஒயர் வாங்கி, முதலில் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை நுழைத்துவிட்டு, கிரிம்ப் செய்து, ஸ்லீவைச் சூடேற்றுங்கள். சால்டர் செய்தால் அந்த இடம் விறைத்து, அதன் விளிம்பில் அதிர்விலேயே மறுபடி அறும் வாய்ப்பு உண்டு. இரண்டு ஒயரையும் ஒட்டுவதானால் ஜாயிண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வரக்கூடாது. கப்ளர் லாக் உடைந்திருந்தால் ஒயரோடு வரும் கப்ளரே தனியாகக் கிடைக்கும்.

சிஎன்ஜி கிட் பொருத்திய கார் என்றால் இத்தனைக்கும் முன் எமுலேட்டரை, அதாவது கேஸில் ஓடும்போது பெட்ரோல் இன்ஜெக்டரை நிறுத்திவைக்கும் பெட்டியை, பாருங்கள். வெளியில் பொருத்திய கிட்டில் இன்ஜெக்டர் ஒயரை வெட்டி அதன் வழியாகத்தான் கொண்டுபோயிருப்பார்கள். அதை விலக்கி ஒயரை நேராக இணைத்து பெட்ரோலில் ஓட்டினால் தெரிந்துவிடும்.

ஒயர் எல்லாம் சரி, மின்னவும் இல்லை என்றால் இசியூ டிரைவர்தான். புது இசியூ வாங்குமுன் இசியூ ரிப்பேர் கடையில் கேளுங்கள், டிரைவர் ஐசியை மட்டும் மாற்றித் தருவார்கள். புதிதென்றால் சாவியை இசியூ அடையாளம் காணச் செய்யும் இம்மொபிலைசர் கோடிங் செலவும் சேரும். காயில் ஷார்ட் ஆகி ஓம் குறைந்திருந்தால், அந்த இன்ஜெக்டரை மாற்றாமல் இசியூவை மாட்டாதீர்கள், அதுவும் எரியும்.

இவை எதுவும் காமன் ரெயில் டீசலுக்குப் பொருந்தாது. அங்கே இன்ஜெக்டர் ஒயரில் 12 வோல்ட்டைவிடப் பல மடங்கு வோல்டேஜ் ஓடும், எஞ்சின் ஓடும்போது கப்ளரில் கை வைக்காதீர்கள்.